சார்ஜர் பட்டறைச் சுவரில்தான் இருக்கிறது

மக்ளே, இது உனக்கு எழுதுவதுதான். ஆனால் நீ மட்டும் படிக்கப் போவதில்லை. உன் கல்யாணத்துக்காக இரண்டு வீட்டாரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்களே, கல்யாணம் முடிந்தும் காலை வணக்கமும் பூப்படமும் வந்துகொண்டே இருக்கிறதே, அதில்தான் இதைப் போடப் போகிறேன். போனில் குத்திக் குத்தி எழுத எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டுவிடுவேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்று நீ சிரிப்பாய். சிரி. படிக்க வேண்டியவர்கள் கண்ணைச் சுருக்கிப் படிக்கட்டும். அத்தனை பேர் முன்னால் மேடையில் நின்று சொன்ன பொய்யை, உன் காதருகே வந்து மெதுவாகத் திருத்தினால் போதாது. கல்யாணமான மகளுக்கு அப்பன் நாலு நல்ல புத்தி சொல்லி எழுதுவான். நான் எழுத உட்கார்ந்தால் வெட்கம்தான் முதலில் வந்து நிற்கிறது.

குழுவில் இருக்கிறவர்களுக்கு நம் தொழில் தெரியாது, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். அருமனையில் நமக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மாடிக்கு மேல் இரும்புக் குழாய் நிறுத்தி ஷீட் கூரை போடுவோம், அலுமினிய ஜன்னல் செய்வோம். இங்கே பெய்கிற மழைக்கு மாடியைத் திறந்துபோட்டு வைக்க யாருக்கும் தைரியம் கிடையாது, ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. நீ டிப்ளமோ முடித்ததும் பெரிய கம்பெனியில் சேரப் போகிறாய் என்று நான் சர்ச்சில் பார்த்தவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தபோது, நீ என் பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு பட்டறையில் வந்து நின்றாய். "இஞ்ச உனக்கு என்ன வேல?" என்று கேட்டேன். "உங்களுக்கு என்ன வேலையோ அதுதான்" என்றாய். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக, தரையைப் பெருக்கச் சொன்னேன்.

அப்போது நம்மிடம் இருந்தது எல்லாமே ஒயர் மெஷின்தான். எக்ஸ்டென்ஷன் போர்டை வீட்டுக்காரர் அடுக்களையில் செருகி, ஜன்னல் வழியாக இழுத்து, மாடிப்படி சுற்றி மேலே கொண்டுபோவதற்குள் பாதி காலை போய்விடும். புதிதாகக் கட்டும் வீடென்றால் கரண்டே இருக்காது, பக்கத்து வீட்டில் போய்க் கெஞ்ச வேண்டும். ஒரு தடவை ஷீட்டின் ஓரம் ஒயரை அறுத்துவிட்டது. உச்சியில் நின்ற தங்கராஜ், நம்மிடம் நெடுங்காலமாக வேலை செய்கிறவன், ஷாக் அடித்த கையை உதறிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். அன்றைக்குத்தான் நீ பேட்டரி மெஷின் பேச்சை எடுத்தாய். "அப்பா, வேல செய்யுத நேரத்தவிட நாம ஒயர் இழுக்குத நேரம்தான் கூடுதல்" என்றாய். நான் எகிறினேன். "சுமக்க மடியா இருந்தா வீட்டுல இரி. அது சின்னப் பிள்ளைய விளையாடுத சாமான்" என்றேன். தங்கராஜ் என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தான். நீ அறுந்த ஒயருக்கு டேப் சுற்றினாய்.

நீ சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நீ சொல்லி நான் கேட்டதாக இருக்கக் கூடாது, அதுதான் என் சங்கடம். ஆகவே உன்னிடம் சொல்லாமல் குழித்துறைக்குப் போய், சாலையோரம் தார்ப்பாய் விரித்து விற்றவனிடம் ஒரு பேட்டரி டிரில் வாங்கிவந்தேன். பெட்டியின் மேல் தொண்ணூற்றெட்டு வோல்ட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நீ காட்டிய மெஷினில் பதினெட்டு என்றுதான் இருந்தது. "பாத்தியா, இதுல எத்தன மடங்குன்னு பாத்தியா?" என்று தங்கராஜ் முன்னால் நெஞ்சை நிமிர்த்தினேன். நீ அந்த பேட்டரியின் மூடியைத் திருகிக் கழற்றி என் முன்னால் வைத்தாய். உள்ளே விரல் தடிமனில் அஞ்சு செல். "அப்பா, இந்தச் செல்லு ஒண்ணு நல்லா நெறஞ்சா நாலு வோல்ட்டும் கொஞ்சமும். அஞ்சு செல்லு வச்சா இருபதுக்குப் பக்கம் வரும், ஓடுதப்ப பதினெட்டு. சிலரு பதினெட்டுன்னு எழுதுவாவ, சிலரு இருபதுன்னு எழுதுவாவ, ரெண்டும் ஒண்ணுதான். தொண்ணூத்தெட்டுங்குதது பெட்டிக்கு மேல மட்டும்தான் இருக்கு" என்றாய். என் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மெஷின் ரெண்டாவது வீட்டு வேலையிலேயே நின்றுபோனது. தார்ப்பாய்க்காரனும் அங்கே இல்லை.

நல்ல பேட்டரி மெஷினை நீ உன் சம்பாத்தியத்தில் வாங்கினாய். ஜன்னல் வேலை தனியாகப் பிடித்துச் செய்து சேர்த்தது அது, நான் ஒரு சல்லியும் கொடுக்கவில்லை. வாங்குமுன் நீ செய்த ஆராய்ச்சி இருக்கிறதே, மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நாங்கள் அவ்வளவு விசாரிக்கவில்லை. ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது, ஆகவே ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் அதிலேயே வாங்க வேண்டும் என்றாய். "நாம மெஷின் வாங்கல்ல அப்பா, பேட்டரிதான் வாங்குதோம். மெஷின் ஒவ்வொண்ணா பொறவு வரும்" என்றாய். மெஷினைத் தூக்கிப் பார்த்து எது கனம், எது கைக்கு அடங்கும் என்று பார்த்தாய். கார்பன் கட்டை தேய்ந்து மாற்ற வேண்டியிராத மோட்டாரா என்று கேட்டாய். கெட்டுப்போனால் மார்த்தாண்டத்திலேயே சரிபார்க்க ஆள் இருக்கிறதா என்று போய் அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். கடைசியில் முதலில் வந்தது ஒரு ஸ்குரு அடிக்கும் மெஷின், அதற்கு ரெண்டு சின்ன பேட்டரி, ஒரு சார்ஜர். பிறகு டிரில் வந்தது, கிரைண்டர் வந்தது, அதற்காகப் பெரிய பேட்டரி வந்தது. பெரிசில் பத்து செல் இருக்கும், வோல்ட் அதேதான், நேரம்தான் கூடத் தாங்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். ஏணி மேல் நிற்கும்போது சின்னதைப் போடு, கீழே நின்று அறுக்கும்போது பெரிசைப் போடு என்பாய். வெயிலில் வேலை செய்து சூடாக இறங்கிய பேட்டரியை ஆறவிடாமல் சார்ஜில் போட்டால் என்னைத் திட்டுவாய். எந்த பேட்டரி முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று தெரிய, உன் சிவப்பு நகப்பூச்சால் ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்தாய். முதல் ஜோடிக்கு ஒற்றைப் புள்ளி, அடுத்ததற்கு ரெட்டைப் புள்ளி. இந்தப் புள்ளியை இங்கே நான் காரணமாகத்தான் எழுதுகிறேன்.

ஷீட்டில் அடிக்கும் ஸ்குருவுக்கு அடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். நான் காலமெல்லாம் இறுக்கினால் ஒழுகாது என்று நம்பி, மெஷினை முழு வேகத்தில் அமுக்கி வாஷரைப் பிதுக்கிக் கிழிப்பவன். நீ மெஷினை மெதுவான வேகத்தில் வைத்து, வாஷர் லேசாகப் பரந்ததும் விரலை எடுத்துவிடுவாய். அதன் பிறகு நம் கூரை ஒழுகுகிறது என்று ஒரு போன்கூட வரவில்லை. "உம்ம வேலையில இப்பம் ஒரு சொட்டு எறங்கல்ல கேட்டீரா" என்று ஆட்கள் என் முதுகில் தட்டுவார்கள். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். "பேட்டரிக்கு மாறினேன் பாத்துக்கிடுங்க, நான்தான் தேடிப் பிடிச்சி வாங்கினேன்" என்பேன். ஒரு தடவை நீ ஏணியில் நிற்கும்போதே அப்படிச் சொன்னேன். நீ கேட்டாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மெஷின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சத்தம் வந்தது. வீட்டுக்கு வந்து எனக்குச் சாயா போட்டுக் கொடுத்தாய்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மண்டபத்தில் நான் செய்தது திடீரென்று வந்த புத்திக்கேடு இல்லை. உன் பொருளை என் பொருளாகச் சொல்லிப் பழகிய வாய் அது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், பேச்சு நடந்தபோதே "ஒண்ணும் வேண்டாம், பிள்ளையத் தந்தா போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அதையும் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். உன் விஷயமும் அவர்களிடம் நீயே நேராகப் பேசியிருந்தாய். மாப்பிள்ளை துபாயில் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர், லீவு முடிந்து போய்விடுவார், நீ கருங்கலிலிருந்து ஸ்கூட்டரில் அருமனைக்கு வந்து வேலையைத் தொடர்வாய் என்று. அவரும் சரி என்றார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நீ பேட்டரிகளைப் பாதிச் சார்ஜில் நிறுத்தி, மெஷின்களோடு உன் சிவப்புப் பெட்டியில் அடுக்கினாய். கொஞ்ச நாள் எடுக்காமல் வைப்பதென்றால் முழுசாகவும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது, காலியாகக் கிடந்தால் செத்துப்போகும், பிறகு சார்ஜரில் வைத்தாலும் ஏறாது என்று சொன்னாய். திரும்பி வரப் போகிறவள்தான் அப்படி அடுக்கிவைப்பாள். அது எனக்கு இப்போது புரிகிறது.

மண்டபத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா என் தோளில் கைபோட்டு, "என்ன சம்மந்தி, மாப்பிளைக்கு ஒண்ணும் இல்லியா? வெறுங்கையோட நின்னா பாக்குதவிய என்ன சொல்லுவாவ?" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கோ ரோஷம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் என் கையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. தங்கராஜைக் கூப்பிட்டு, பட்டறையிலிருந்து உன் சிவப்புப் பெட்டியை எடுத்துவரச் சொன்னேன். அவன் தயங்கினான். "அண்ணே, அது பிள்ளைக்க பெட்டில்லா?" என்றான். "சொன்னதச் செய்யிலே" என்று பல்லைக் கடித்தேன். அவன் கொண்டுவந்ததும், யாரோ கொடுத்த பரிசுப் பொட்டலத்தில் இருந்த ரிப்பனை அவிழ்த்து அதன் மேல் கட்டினேன். மேடையில் மாப்பிள்ளை கையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "எனக்க வக சீரு. மாப்பிள எப்பவாவது ஊர்ல தொழில் தொடங்கினா ஒதவும்" என்றேன். கணக்குப் பார்க்கிற மனிதருக்கு கிரைண்டர். கைதட்டினார்கள்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து ஒரு பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்தார். என் பக்கம் குனிந்து, "மாமா, இதுல நகப்பூச்சு மாதிரி இருக்கே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா மக்ளே? "அது கம்பெனி அடையாளம்" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். உன் நகத்திலும் அன்றைக்கு அதே சிவப்பு இருந்தது. நீ அழவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பட்டுச்சேலையும் நகையும் போட்டுக்கொண்டு, பட்டறையில் கேட்பது போலவே கேட்டாய்: "சார்ஜரும் குடுத்தாச்சா அப்பா?" சார்ஜர் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அது எனக்கு ஞாபகமே இல்லை. நான் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இவளுக்கு மாலையும் கழுத்துமா நிக்கும்போதும் வேல நெனப்புதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் படம்தான் குழுவில் 'மாமனார் சீர்' என்று போட்டு இருக்கிறது. அதில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம், நீ பெட்டியைப் பார்க்கிறாய்.

மறுவீட்டுக்கு நீங்கள் வந்த அன்று, சாப்பாட்டுக்கு முன்னால் நீ தனியாகப் பட்டறைக்குள் போனாய். நான் கை கழுவப் போனவன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ உன் மேசைக்கு முன்னால் நின்றாய், இழுப்பறையைத் திறந்து மூடினாய், சுவரில் சார்ஜரைப் பார்த்தாய். எடுத்துக்கொண்டு போய்விடுவாய் என்றுதான் நினைத்தேன், எடுத்துவிட்டால் நல்லது, நான் வாயைத் திறக்காமலே தப்பித்துவிடலாம் என்றும் நினைத்தேன். நீ எடுக்கவில்லை. அதன் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு வெளியே வந்தாய். "கோழிக்கறி எப்படி?" என்று உன்னிடம் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். எனக்குப் பேசக் கிடைத்த விஷயம் கோழிக்கறி.

சிதறாலில் டீச்சர் வீட்டு மாடியை நீ கல்யாணத்துக்கு முன்னால் அளந்துவைத்தாயே, அங்கே போக வேண்டிய நாள் வந்தது. உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உன் மெஷின் உன்னிடம் இல்லாமல் ஆக்கிவிட்டு, எந்த முகத்தோடு வேலைக்கு வா என்பது? பழைய ஒயர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நானும் தங்கராஜும் போனோம். டீச்சர் வாசலிலேயே, "பிள்ளை வரல்லியா?" என்றார். "கல்யாணம் கழிஞ்சு போச்சு டீச்சர்" என்றேன். "கல்யாணம் கழிஞ்சா படிச்ச வேல மறந்து போயிருமா?" என்று கேட்டார். நான் குனிந்து ஒயரைப் பிரித்தேன். ஒயர் மாடி வரை எட்டவில்லை, இன்னொரு போர்டு சேர்த்தோம், அது சூடேறி நாற்றமடித்தது. நடுவில் மழை வந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு ஓடினோம். தங்கராஜ் இடுப்பில் நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டே, "பிள்ள இருந்தா இப்பம் பாதி வேல முடிஞ்சிருக்கும்" என்றான். நான் அடித்த நாலு ஸ்குருவையும் டீச்சர் அண்ணாந்து பார்த்தார். வாஷர் பிதுங்கி நின்றது அவருக்கே தெரிந்தது. "நீங்க போயிட்டு வாருங்க. ஷீட்டு இஞ்ச கெடக்கட்டும். அவ வரட்டும், நான் பொறுத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஷீட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு இறங்கினோம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நானும் அம்மாவும் கருங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தோம் அல்லவா, பலகாரம் கொண்டுவந்ததாகத்தான் நீ நினைத்திருப்பாய். பலகாரப் பைக்கு அடியில் சார்ஜர் இருந்தது. எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது உன் பெட்டி. அலமாரிக்கு மேல் ரிப்பனோடு இருந்தது. பெரியப்பா சிரித்துக்கொண்டே, "சம்மந்தி, பிள்ளைய எல்லாம் அதுல லைட்டு அடிச்சி, சுத்திவிட்டு விளையாடினாவ. இப்பம் ஒண்ணும் ஓடல்ல. கடைக்காரன் உம்மள ஏமாத்திட்டானா?" என்று கேட்டார். வாசல் திறந்து கொடுத்தது போல ஒரு கேள்வி. 'அது என் மகளுக்கது, எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை' என்று ஒரே வரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நீ சாயாத் தட்டோடு நின்றாய். நான், "அப்படியா? நான் கடைக்காரன்ட கேக்கேன்" என்றேன். ஒரு கடைக்காரன் இருக்கிறான், அவனிடம் நான் வாங்கினேன் என்று மறுபடியும் பொய். நீ எனக்கு முன்னால் சாயாவை வைத்தாய். சர்க்கரை குறைவாக, எனக்கு வேண்டிய மாதிரி போட்டிருந்தாய். அதையும் குடித்துவிட்டு எழுந்து வந்தேன் மக்ளே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா பையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், மண்டபத்தில் இருந்தே என்னோடு சரியாகப் பேசவில்லை. "பலகாரம் குடுத்தாச்சு, பொறவும் பையி என்ன கனக்குது?" என்றாள். சொன்னேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "குடுக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல. பின்ன எதுக்குச் சுமந்திய?" என்று கேட்டாள். குழித்துறைப் பாலம் தாண்டும் வரை நான் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சார்ஜரைப் பழைய ஆணியில் மாட்டினேன். மாட்டும்போது அவள் வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள்: "அவ உங்களத் திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிடணும்னு நெனச்சே அந்தப் பிள்ள தனக்க சாமானையும் விட்டுட்டுப் போயிருக்கு." அதிலிருந்து எனக்கு வேறு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஆகவே இப்போது குழுவில் இருக்கிற எல்லாரும் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியதை உன்னிடமே சொல்கிறேன், அவர்கள் படித்துக்கொள்ளட்டும். அந்தப் பெட்டியில் இருக்கிற ஸ்குரு மெஷின், டிரில், கிரைண்டர், பேட்டரி அத்தனையும் உன்னுடையது. நீ தேடினாய், நீ தேர்ந்தெடுத்தாய், உன் உழைப்பில் வாங்கினாய். நம் கூரை ஒழுகாமல் நிற்பதும் உன் கைப்பக்குவம். நான் எடுத்துக் கொடுத்தது சீர் இல்லை, திருட்டு. பேட்டரி மேல் இருக்கிற சிவப்புப் புள்ளி கம்பெனி அடையாளம் இல்லை, என் மகளின் நகப்பூச்சு. மாப்பிள்ளைக்கு அது அப்போதே தெரிந்தும், என் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டார். அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்று மட்டும், அந்தப் பெட்டியை அவர் எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். என் கைக்கு வந்தால் மறுபடி நான் கொடுத்ததாக ஆகிவிடும். ரிப்பனை அவிழ்த்துவிட்டு உன் கையிலேயே தரட்டும். லீவு முடிந்து போவதற்குள் சீக்கிரம் தரட்டும், பேட்டரி காலியாகக் கிடக்கிறது. நாள் போகப் போகச் செத்துப்போகும் என்று நீதானே சொன்னாய்.

நீ வேலைக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது உன் முடிவு. அருமனைக்கு வராமல் கருங்கலிலேயே நீ தனியாகப் பட்டறை போட்டாலும் நான் ஷீட் தூக்க வருவேன், தரையைப் பெருக்கச் சொன்னால் பெருக்குவேன். அப்பன் என்று ஒரே ஒரு புத்திமதி சொல்லிக்கொள்கிறேன், அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ. உன் பொருளை யாராவது எடுத்து இன்னொருவர் கையில் வைத்தால், அது மேடையாக இருந்தாலும், எடுத்தவன் உன் அப்பனாகவே இருந்தாலும், சும்மா நிற்காதே. "அது எனக்கது" என்று சொல்லு. மரியாதைக்காக நீ விழுங்கிய வார்த்தையை வைத்துத்தான் நான் இத்தனை நாள் பெரிய மனிதனாக நடமாடினேன். நீ திட்ட வேண்டும் என்றால் இங்கேயே, இந்தக் குழுவிலேயே திட்டு. நான் குழுவை விட்டு ஓடமாட்டேன்.

தங்கராஜிடம் கொடுத்து சார்ஜரை அனுப்பிவிடலாம் என்றுகூட யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அது நீ மாட்டிய ஆணியில் இருக்கிறது, தூசி மட்டும் துடைத்துவைக்கிறேன். பட்டறைச் சாவி எப்போதும் போல அம்மாவிடம் இருக்கும். சிதறாலில் ஷீட் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது, டீச்சர் நேற்றும் போன் செய்து உன் நம்பரைக் கேட்டார். உன் நம்பரை உன்னைக் கேட்காமல் கொடுக்கவில்லை. அவ்வளவு புத்தியாவது வந்திருக்கிறது.

மண்டபத்தில் நீ கேட்ட கேள்விக்கு நான் அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். இல்ல மக்ளே, சார்ஜரக் குடுக்கல்ல. குடுக்கதுக்கு அது எனக்கது இல்ல.